ராத்திரி திரௌபதி... பகல்ல?

ஓசூர் பஸ் ஸ்டாண்டுல அஞ்சு நிமிஷம் சும்மா நில்லுங்க. தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி... நாலும் காதுல விழும். ஷிஃப்ட் முடிச்சு வர்ற கம்பெனி பஸ்கள், பெங்களூருக்கு முண்டியடிக்கிற கூட்டம்னு ஊரே ஓடிக்கிட்டிருக்கும். டி.வி.எஸ்., டைட்டன், அசோக் லேலண்ட்னு போர்டுகளைப் பார்த்துட்டு 'இது ஃபேக்டரி ஊரு'ன்னு முடிவு கட்டிடாதீங்க பாஸ்!

கோடையில கிருஷ்ணகிரி பக்கத்து கிராமங்களுக்குள்ள போனா தெரியும். திரௌபதி அம்மன் கோயில் திருவிழான்னா பகல்ல பாரதச் சொற்பொழிவு, ராத்திரி விடிய விடிய கூத்து. கடைசி நாள், மண்ணுல பிரமாண்டமா துரியோதனனைப் படுக்க வெச்சு படுகளம்.

கூத்துல திரௌபதி யாரு? காலங்காலமா ஓர் ஆம்பளைதான். அரிதாரம், ஜடை, புடவைன்னு வந்து நின்னா, துகில் உரியிற கட்டத்துல கற்பூரம் ஏத்துவாங்க. பாட்டிங்க கையெடுத்துக் கும்பிடுவாங்க. விராட பர்வம் வந்தா இன்னும் சுவாரஸ்யம். வில்லாளி அர்ஜுனன், பிருகன்னளையா மாறி இளவரசிக்கு டான்ஸ் சொல்லிக்கொடுப்பான். அரவான் களபலியில கிருஷ்ணனே மோகினி. கூவாகத்துல திருநங்கைகள் தாலி கட்டிக்கிறது இந்த அரவானுக்குத்தான்.

ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி வழியா ஆனேக்கல் போனா, அங்கேயும் தர்மராயர் கோயில், அங்கேயும் திரௌபதி. சித்திரா பௌர்ணமி கரகம் அந்தப் பக்கம் ரொம்ப ஃபேமஸ். பெங்களூரு கரகத்துல, தூக்குறவர் புடவை கட்டி, வளையல் போட்டு, தன் மனைவியோட தாலியையே கழுத்துல போட்டுக்கிட்டு நள்ளிரவுக்கு மேல கிளம்புவார். முன்னாடி கத்தியோட வீரகுமாரர்கள். ஊர்வலம் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போகும். யாராவது கிண்டல் பண்ணுவாங்களா? மூச்!

சரி, விடிஞ்சாச்சு. அதே நெடுஞ்சாலை, அதே சனம். டீக்கடை வாசல்ல ஒரு திருநங்கை வந்து நின்னா என்ன நடக்குது? ஒருத்தர் மூஞ்சியத் திருப்புறார், இன்னொருத்தர் இளிக்கிறார், மூணாவது ஆள் சில்லறையத் தூக்கிப் போட்டு 'போ போ'ங்கிறார். ராத்திரி கும்பிட்ட கைதானே?

எனக்குத் தோணுறது இதுதான். மேடையில இருக்கிறவர் காலையில அரிதாரத்தைக் கழுவிட்டு வேட்டி கட்டிக்குவார்னு எல்லாருக்கும் தெரியும். அதனால பயமில்லை. அதையே பார்த்துப் பழகின கண்ணு, திருநங்கையையும் 'வேஷம்'னே நினைக்குது. 'இவங்க ஏன் கலைக்க மாட்டேங்கிறாங்க?'னு கோபப்படுது. அவங்களுக்குக் கலைக்க வேஷமே இல்லைங்கிறது புரியறதில்ல.

சினிமா மட்டும் என்னவாம்? 'அப்பு'வில் (2000) பிரகாஷ்ராஜ் பயமுறுத்தினார், 'காஞ்சனா'வில் (2011) சரத்குமார் அழவெச்சார், 'சூப்பர் டீலக்ஸ்'ல (2019) விஜய் சேதுபதி அசத்தினார். மூணு பேருமே ஆம்பளைங்க! திருநங்கையான அஞ்சலி அமீர் 'பேரன்பு'ல (2019) மம்மூட்டிக்கு ஜோடியா வந்தப்பதான் நமக்கு 'அட!'. நிஜத் திருநங்கைக்குத் திருவிழா மேடை கிடைச்சாலும், பல ஊர்ல குத்துப்பாட்டுக்கு மட்டும்தான். விசில் பறக்கும். மறுநாள் வாடகைக்கு வீடு கேட்டுப் பாருங்க... கொச்சி மெட்ரோ 2017-ல் திருநங்கைகளை வேலைக்கு எடுத்தப்பவே, தங்க இடம் கிடைக்காம சிலர் வேலையை விட்டுட்டாங்க. ஆயிரக்கணக்குல ஹாஸ்டல் பெட் நிரம்பி வழியிற ஓசூர்ல இது சின்ன விஷயமா என்ன?

ஆனா, மேடையாலேயே கதை மாறினதும் உண்டு. மதுரை நர்த்தகி நடராஜ், தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளைகிட்ட பரதம் கத்துக்கிட்டு, 2019-ல் பத்மஸ்ரீ வாங்கினாங்க. அங்கே கிடைச்சது விசில் இல்ல, மரியாதை. கர்நாடகாவில் மஞ்சம்மா ஜோகதி. வீட்டை விட்டு வெளியேறி, பிச்சை எடுத்துப் பிழைச்சவங்க. காளவ்வாகிட்ட ஜோகதி நடனம் கத்துக்கிட்டாங்க. எல்லம்மாவைத் தலையில சுமந்து ஆடுற ஆட்டம் அது. 2019-ல் கர்நாடக ஜானபத அகாடமிக்கே தலைவர். 2021 நவம்பர்ல பத்மஸ்ரீ வாங்க ராஷ்டிரபதி பவனுக்குப் போனவங்க, விருதை வாங்குறதுக்கு முன்னாடி முந்தானையால ஜனாதிபதிக்கு திருஷ்டி கழிச்சாங்க. அவர் கைகூப்பி நின்னார். அது வேஷம் கலைக்காத முந்தானை!