மெதுவாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு

நான் மெதுவாகப் படிக்கிறவள். தோழிகள் மூன்று பக்கம் புரட்டும் நேரத்தில் எனக்கு ஒரு பக்கம்தான் நகரும். நீட் தேர்விலோ 180 நிமிடத்தில் 180 கேள்வி. முதல் முறை கடைசி 30 கேள்விகளைப் படிக்கவே நேரமில்லை. வீட்டுக்கு வந்து அம்மா மடியில் படுத்து அழுதேன்.

மறு வருடம், வேகமாகப் படிக்கும் முயற்சியையே விட்டுவிட்டேன். என்சிஇஆர்டி உயிரியலில் ஒரு பகுதியை ஒரே ஒரு தடவை, நிதானமாகப் படிப்பேன். புத்தகத்தை மூடிவிட்டு வெறும் தாளில் நெஃப்ரானை வரைவேன். ஹென்லே வளைவின் இறங்கு பகுதியில் தண்ணீர் வெளியேறும், ஏறு பகுதியில் உப்பு வெளியேறும் என்று ஞாபகத்திலிருந்து எழுதுவேன். விட்டுப்போனதை மட்டும் புத்தகத்தில் தேடுவேன். ஒரே பத்தியை நாலு தடவை வாசித்து நேரம் போவது அதோடு நின்றது.

தேர்வறையில் உயிரியலின் 90 கேள்விகளை முதலில் முடித்தேன். கூற்று, காரணம் என்று நீளும் கேள்விகளைக் கடைசிக்குத் தள்ளினேன். தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும். அதனால் அரைகுறையாகப் படித்த எதையும் தொடவில்லை.

பெற்றோர்களே, பிள்ளை மெதுவாகப் படிக்கிறது என்று திட்டாதீர்கள். புத்தகத்தை மூடச் சொல்லி, கையில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுங்கள்.