கோல் வித்தியாசத்தில் பிழைத்தவர்

கால்பந்து என்றதும் எல்லாரும் பெக்காம் பெக்காம் என்கிறோம். எனக்குக் கேரத் எய்ன்ஸ்வொர்த்தைத்தான் பிடிக்கும். பிளாக்பர்னில் பிறந்த மிட்ஃபீல்டர். பிரஸ்டன், லிங்கன், போர்ட் வேல் என்று ஊர் ஊராக ஆடினார். 1998-ல் விம்பிள்டன் 20 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது, காயம்தான் விடவில்லை. இங்கிலாந்து அணியில் ஒரு ஆட்டம்கூடக் கிடையாது.

2012-ல் விக்கம் வாண்டரர்ஸ் மேனேஜர் ஆனார். 2014 மே 3, கடைசி ஆட்டம். ஜெயித்தால் மட்டும் போதாது, அடுத்த மைதானத்து ரிசல்ட்டும் சாதகமாக வரணும். இல்லையென்றால் லீக்கை விட்டே வெளியே. அரியர் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நமக்கு அந்தத் தவிப்பைச் சொல்லவா வேணும்? டார்க்கீயை 3-0 என்று ஜெயித்தார்கள். பிரிஸ்டல் ரோவர்ஸ் 0-1 என்று தோற்றது. சமப் புள்ளிதான், கோல் வித்தியாசம் காப்பாற்றியது.

அதற்குப் பிறகும் கிளப் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை பாருங்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம். 2018-ல் ஒரு படி ஏறினார்கள். 2020 ஜூலையில், கொரோனாவால் ஆளில்லாத வெம்ப்ளியில் ஆக்ஸ்ஃபோர்டை 2-1 என ஜெயித்து இன்னொரு படி. 1887-ல் தொடங்கிய கிளப் இரண்டாம் நிலை லீக்கை எட்டியது அப்போதுதான். அடுத்த வருஷமே ஒரே புள்ளியில் இறங்கியது வேறு கதை.

2023-ல், தான் முன்பு ஆடிய க்யூ.பி.ஆருக்கு மேனேஜராகப் போனார். அங்கே எட்டே மாதம்தான்.