ஊசி ஏறும் இடம்

சீனி வருத்தத்துக்கு இன்சுலின் ஊசி போடுவது ஆஸ்பத்திரி வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது வீட்டு வேலை. சோறு சமைப்பது போல, தண்ணீர் அள்ளுவது போல, நாளுக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ பெண்கள் செய்யும் வேலை. தமக்குத் தாமே போட்டுக்கொள்வோரும் உண்டு. உம்மாவுக்கும் மாமிக்கும் கணவனுக்கும் போட்டுவிடுவோரும் உண்டு. கற்பிட்டியிலிருந்து பாலாவி வரையுள்ள கிராமங்களில் வீடு வீடாகப் போகும் எனக்கு, வாழ்வாதாரம் பற்றிக் கதைக்கப் போன இடங்களிலும் இந்த ஊசிக் கதையே முன்னுக்கு வரும்.

“எந்த இடத்தில் போடுகிறீர்கள்?” என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் ஒரே இடத்தைத்தான் காட்டுவார்கள். தொடையில் ஒரு பக்கம், அல்லது கையில் ஒரு புள்ளி. கிளினிக்கில் வயிற்றைத்தானே காட்டித் தந்தார்கள் என்றால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குக் காரணம் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது பெருந்தொகையானோர் இந்தக் கரைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். தில்லையடி, ஆலங்குடா பக்கங்களில் கிடுகுக் கொட்டில்களில் தொடங்கிய வாழ்க்கை அது. பிறகு கல்வீடு கட்டியவர்களும் இருக்கிறார்கள், ஊர் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு அறையும் ஒரு சீலைத் திரையுமாக இன்னும் இருக்கும் வீடுகளை நான் அறிவேன். மருமகனும் வளர்ந்த பையன்களும் படுத்திருக்கும் அறையில் விடியற்காலையில் எந்தப் பெண் வயிற்றைத் திறப்பாள்? கதவில்லாத வீட்டுக்கும் இந்த வருத்தத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை எந்தச் சுகாதாரத் துண்டுப்பிரசுரத்திலும் நான் வாசித்ததில்லை.

மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு ராத்தாவின் இடது தொடையில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. “அந்த இடத்துல நோகுதில்ல புள்ள. அதுதான் அங்கயே குத்துறன்” என்றார். நோகாததுதான் அங்குள்ள ஆபத்து. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இன்சுலின் ஏறினால் தோலுக்குக் கீழுள்ள கொழுப்புத் தடித்துப் போகும். உணர்ச்சி குறையும். அந்தத் தடிப்புக்குள் போகும் மருந்து சில நாள் உடம்பில் சேரும், சில நாள் அங்கேயே தேங்கி நிற்கும். ராத்தாவின் சீனி ஏறிக்கொண்டே போனது. கிளினிக்கில் “இனிப்புச் சாப்பிடுகிறீர்கள்” என்று ஏச்சு விழுந்தது. மருந்தின் அளவையும் கூட்டினார்கள். தொடையை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை.

பிறகு பக்கத்து வீட்டார் சொன்னார்களென்று ஒருநாள் வயிற்றில் போட்டுக்கொண்டார். கூட்டிய அதே அளவுதான். நல்ல இடமாகையால் மருந்து முழுவதும் வேலை செய்தது. சுபஹுத் தொழுகைக்கு எழும்பிய மகள் பார்த்தபோது உம்மா வேர்வையில் நனைந்து, கைகால் நடுங்கி, பேச்சுக் குழறிக் கிடந்தார். விழுங்கக்கூடிய நிலையில் இருந்ததால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துப் பருக்கினாள். அதனால் தப்பினார். மயங்கிப் போனவருக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது; உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கட்டி விழுந்த இடத்தைவிட்டு மாறுவது நல்லதுதான். ஆனால் மாறுவதற்கு முன் டொக்டரிடம் சொல்லி, அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும். கட்டி கரைய மாதக்கணக்காகலாம். அதுவரை அந்தப் பக்கம் ஊசி போகக்கூடாது.

போடக்கூடிய இடங்கள் நான்கு. தொப்புளைச் சுற்றி மூன்று விரல் அகலம் விட்டு வயிறு. தொடையின் முன்பக்கமும் வெளிப்பக்கமும். மேற்கையின் பின்புறச் சதை. பிட்டத்தின் மேல் வெளிப்பக்கம். வயிற்றில் போட்டால் மருந்து சீக்கிரம் சேரும், தொடையிலும் பிட்டத்திலும் ஆறுதலாகச் சேரும். ஆகவே காலையில் வயிறு என்றால் எந்நாளும் காலையில் வயிறே இருக்கட்டும். அதற்குள் ஒவ்வொரு நாளும் ஒரு விரல் அகலம் தள்ளிப் போடுங்கள். இன்சுலின் போக வேண்டியது கொழுப்புக்குள், தசைக்குள் அல்ல. அதனால் தோலை இரண்டு விரலால் மெல்லத் தூக்கிப் பிடித்துக் குத்த வேண்டும். மெலிந்தவர்கள் சற்றுச் சரித்துக் குத்தலாம். மருந்தைச் செலுத்திப் பத்து எண்ணிவிட்டு ஊசியை எடுங்கள். தேய்க்க வேண்டாம். பால் போலக் கலங்கிய இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையில் உருட்டிக் கலக்க வேண்டும்.

தாய்மார் கேட்கும் இன்னொரு கேள்வி: குழந்தைக்கு ஏன் தொடையில் போடுகிறார்கள்? அது தசைக்குள் போகும் தடுப்பூசி. பிட்டத்துக்குள்ளால் காலுக்குப் போகும் பெரிய நரம்பு ஓடுகிறது. அதில் ஊசி பட்டால் கால் வழங்காமல் போகலாம். கைக்குழந்தையின் தொடையில் அந்தப் பயமில்லை.

மனிதனுக்கு முதன்முதல் இன்சுலின் ஏற்றியது 1922 ஜனவரியில், கனடாவின் டொரொன்டோவில். லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு. முதல் ஊசி சரிவரவில்லை. மருந்து சுத்தமில்லாததால் போட்ட இடத்தில் கட்டி கிளம்பியது. சில நாட்களில் சுத்திகரித்த மருந்து வந்தபின்தான் பிள்ளை தேறினான். ஆக, ஊசி போட்ட இடத்தைக் கவனிக்கும் வேலை இன்சுலினோடு கூடவே பிறந்தது.

இந்தியாவிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு ஒரு விசயம். இங்கே கிளினிக்கில் தரும் இன்சுலினில் ஒரு மில்லிலீற்றருக்கு 100 அலகு. தமிழ்நாட்டில் 40 அலகு மருந்தும் அதற்கான சிவப்பு மூடிச் சிறிஞ்சும் புழக்கத்தில் உண்டு. மண்டபம் முகாமிலிருந்து கொண்டுவந்ததோ, உறவினர் அனுப்பியதோ, அந்தச் சிறிஞ்சில் நம் மருந்தை அதே கோடு வரை எடுத்தால் இரண்டரை மடங்கு உடம்புக்குள் போய்விடும். சிறிஞ்சில் எழுதியுள்ள எண்ணைப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் காட்டுங்கள்.

2022இல் மின்வெட்டு மணிக்கணக்காக நீண்ட காலத்தில், குளிர்சாதனப் பெட்டி உள்ளவர்களும் இல்லாதவர்களிடம் யோசனை கேட்டார்கள். பெரிய மண்சட்டியில் ஈரமணல் போட்டு, நடுவில் சின்னச் சட்டி வைத்து, அதற்குள் மருந்துப் போத்தலை வைத்து ஈரத்துணியால் மூடுவது நம் பெண்களுக்குத் தெரிந்த முறை. திறந்த போத்தலை நாலு வாரத்துக்கு மேல் பாவிக்க வேண்டாம். ஐஸ் பெட்டியில் உறைந்துபோன மருந்தும் உதவாது.

பாவித்த ஊசியை இன்னொருவர் தொடவே கூடாது, தாயும் மகளுமாக இருந்தாலும். அதைக் குப்பையோடு கடற்கரைப் பக்கம் வீசுவதை நிறுத்துங்கள். கரைவலை இழுக்க வெறுங்காலோடு நிற்பவர்கள் நம்முடைய ஆட்கள்தான். தடித்த பிளாஸ்டிக் போத்தல் ஒன்றில் போட்டு, நிரம்பியதும் மூடியை இறுக்கி, எங்கே ஒப்படைப்பது என்று மருத்துவமாதுவிடம் கேளுங்கள்.