போர் யாரோடு?

அறுபத்துநான்கு பக்கச் சிறு நூல் ஒன்று. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு. பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி, முன்பணமும் வாங்கியாகிவிட்டது. தமிழ் எம்.ஏ. பட்டத்தை வைத்துக்கொண்டு புனேயில் பிழைப்பவர்களுக்கு இப்படிப்பட்ட வேலைகள்தாம் சோறு போடுகின்றன. குக்கர் கையேடு, மருந்துப் பெட்டியின் எச்சரிக்கைத் தாள், தேர்தல் நேரத்துத் துண்டுப் பிரசுரம் எல்லாம் செய்திருக்கிறேன். இந்த நூலின் தலைப்பு, ‘ஆவிக்குரிய போர்’. இருபதாம் பக்கம் வரை பேனா தடையில்லாமல் ஓடியது. இருபத்தோராம் பக்கத்தில் நின்றுவிட்டது.

அந்தப் பக்கத்தில் ஒரு பயிற்சி. வாசகர் தம் தெருவை வரைபடமாக வரைய வேண்டும். அதில் எதிரியின் அரண்கள் எவை என்று குறிக்க வேண்டும். கோயில், தர்கா, விக்கிரகம் வைத்துக் கும்பிடும் வீடு எல்லாம் அரண்கள். பிறகு விடியற்காலையில் அந்தத் தெருவைச் சுற்றி நடந்து, அரண்கள் இடியும்படி ஜெபிக்க வேண்டும்.

நான் கட்கியில் குடியிருக்கிறேன். வெள்ளைக்காரன் கிர்க்கி என்று எழுதிய ஊர். 1817 நவம்பரில் பேஷ்வாவின் படையும் கும்பினிப் படையும் மோதிய இடம். 1869-ல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலை இங்கேதான் இருக்கிறது. அதில் வேலை கிடைத்து வந்த என் மாமனாரைப் போன்றவர்களால்தான் இந்தப் பக்கத்தில் தமிழ்க் குடும்பங்கள் பெருகின. என் தெருவை மனத்தில் வரைந்து பார்த்தேன். முனையில் மாருதி கோயில். அதைத் தாண்டி ஒரு தர்கா. பிள்ளையார் சதுர்த்திக்குப் பந்தல் போடும் காலி மனை. கீழ்வீட்டில் மாவ்ஷி. மராத்தியில் மாவ்ஷி என்றால் அம்மாவின் சகோதரி. எங்கள் வீட்டு மாற்றுச் சாவி பதினெட்டு வருஷமாக அவர் வீட்டில்தான் இருக்கிறது. அதிலும் சாமி மாடத்தில், விட்டலன் படத்துக்குப் பக்கத்தில். அங்கே வைத்தால்தான் தொலையாது என்பார். என் மகளுக்கு டெங்கு வந்து நான் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்த ஒன்பது நாளும், அந்தச் சாவியால் வீட்டைத் திறந்து, கஞ்சி காய்ச்சி, தூக்குவாளியில் அனுப்பியவர் அவர். அந்த மாடத்தை எதிரியின் அரண் என்று நான் தமிழில் எழுத வேண்டும்.

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். புதிய ஏற்பாட்டில், எபேசு நகரத்துச் சபைக்குப் பவுல் எழுதியதாக மரபு சொல்லும் நிருபம் ஒன்று உண்டு. அதன் ஆறாம் அதிகாரம் விசுவாசியைப் போர்வீரனாக உருவகிக்கிறது. அவனுக்கு இடுப்பில் சத்தியம் என்ற கச்சை. நெஞ்சில் நீதி என்ற மார்க்கவசம். காலில் சமாதானத்தின் நற்செய்தி. கையில் விசுவாசம் என்ற கேடகம். தலையில் இரட்சிப்பு என்ற தலைச்சீரா. இன்னொரு கையில் ஆவியின் பட்டயம். இவை அனைத்தையும் சேர்த்துத் தமிழ் வேதாகமம் ‘சர்வாயுதவர்க்கம்’ என்கிறது. சிறு வயதில் அதை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தவர்களுக்கு ஞாயிறு பள்ளியில் மிட்டாய் கிடைக்கும்.

பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியையாக இருந்த என் அம்மா, தினமும் காலையில் வாசற்படி தாண்டுவதற்கு முன் கண்ணை மூடி இந்த ஆறையும் ஒவ்வொன்றாக அணிந்துகொள்வாள். பிறகுதான் செருப்பு. எனக்கு அது சேலைக்கு ஊக்கு குத்துவது போன்ற ஒரு காரியமாகவே பட்டது. பயமுறுத்துகிற எதுவும் அதில் இல்லை.

அந்த அதிகாரத்தை மறுபடி எடுத்து, மொழிபெயர்ப்பாளரின் கண்ணோடு படித்தேன். முதலில் பட்டது, எதிரி யார் என்பதில் அது காட்டும் கண்டிப்பு. ரத்தமும் சதையும் உள்ள மனிதரோடு நமக்குப் போராட்டம் இல்லை என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத தீமையோடுதான் போராட்டம். இரண்டாவது, அதன் வினைச்சொல். மூலமான கிரேக்கத்தில், பதினொன்று முதல் பதினான்கு வரையிலான வசனங்களுக்குள் ‘நிற்றல்’ என்ற வினை அதன் கிளைச்சொல்லோடு நான்கு முறை வருகிறது. முன்னேறு, கைப்பற்று, இடி என்ற ஏவல் ஒன்றுகூட அங்கே இல்லை. ஆறு ஆயுதங்களில் ஐந்து தற்காப்புக்கானவை. ஆறாவதான பட்டயமும் வசனத்தைத்தான் குறிக்கிறது. போர்வீரன் காலில் மாட்டியிருப்பதோ சமாதானம். எழுதியவரும் படைத்தலைவர் அல்லர். சங்கிலியில் கட்டுண்ட கைதி. நிருபமே அப்படித்தான் சொல்கிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இதைச் சுருக்கமாகச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. நம் புறத்திணையில் போருக்கு ஒரே பெயர் கிடையாது. ஆநிரை கவர்வது வெட்சி. பிறர் மண்ணின் மேல் படையெடுப்பது வஞ்சி. கோட்டையை முற்றுகையிடுவது உழிஞை. உள்ளே இருந்து கோட்டையைக் காப்பது நொச்சி. தொல்காப்பியம் அதை உழிஞைக்குள் அடக்கினாலும் புறப்பொருள் வெண்பாமாலை தனித் திணையாகவே வைக்கிறது. எபேசியர் ஆறாம் அதிகாரம் அச்சு அசலான நொச்சித் திணை. என் மேஜையில் கிடந்த சிறு நூலோ அதை வஞ்சித் திணையாக்கி, கட்கியின் தெருக்களுக்குள் படையை அனுப்பிக்கொண்டிருந்தது.

இந்தத் தெரு வரைபட உத்தி பழைய திருச்சபை மரபும் அல்ல. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தீய ஆவி அதிகாரி உண்டு, அதைக் கண்டுபிடித்து ஜெபத்தால் விரட்டலாம் என்ற போதனை 1980களிலும் 90களிலும் அமெரிக்க சுவிசேஷக வட்டாரங்களில் சூடுபிடித்தது. கலிபோர்னியாவில் இறையியல் கற்பித்த பீட்டர் வேக்னர் அதன் முக்கியப் பிரசாரகர்களில் ஒருவர். அதே சுவிசேஷக வட்டாரத்துக்குள்ளிருந்தே எச்சரிக்கையும் வந்தது. 1993-ல் லண்டனில் கூடிய லோசான் இயக்கத்தின் குழு ஒன்று, தீய ஆவிகளைப் பற்றியே சதா நினைப்பது சொந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க வழியாகிவிடும், போர்மொழி மற்ற மதத்தாரைப் பகைக்கும் மனநிலையை வளர்த்துவிடும் என்று அறிக்கை வெளியிட்டது.

ஆனால் அறிக்கைகளை வைத்துக்கொண்டு என்னால் முடிவெடுக்க முடியவில்லை. தௌண்டு போகும் ரயிலில் ஏறிக் கேட்காவ் போனேன். புனேயிலிருந்து சுமார் அறுபது கிலோமீட்டர். பண்டித ரமாபாயின் முக்தி மிஷன் இன்றும் இயங்குகிற இடம்.

ரமாபாய் 1858-ல் பிறந்தவர். தந்தை அனந்த சாஸ்திரி, பெண்ணுக்கு சமஸ்கிருதம் கூடாது என்ற காலத்தில் மனைவிக்கும் மகளுக்கும் அதைக் கற்பித்தார். பெற்றோரைப் பறிகொடுத்து, அண்ணனோடு கால்நடையாக நாடு சுற்றி, 1878-ல் கல்கத்தா அடைந்தபோது அங்குள்ள பண்டிதர்கள் அவருக்குப் ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ என்ற பட்டங்களைக் கொடுத்தார்கள். சாதி மறுத்து மணந்த கணவர் 1882-ல் காலராவில் இறக்க, கைக்குழந்தையோடு புனேக்கு வந்தார். 1883-ல் இங்கிலாந்து போய் ஞானஸ்நானம் பெற்றார்.

அதன் பிறகு அவருக்கு இரு பக்கமும் முற்றுகை. புனேயில் துரோகி என்றார்கள். ஜோதிராவ் புலே போன்ற மிகச் சிலரே அவருக்காகப் பரிந்து எழுதினார்கள். இங்கிலாந்தில் அவருக்கு ஞானத்தாயாக இருந்த சிஸ்டர் ஜெரால்டினோ, ரமாபாய் கீழ்ப்படிவதில்லை என்று வருந்தினார். ஆண் மாணவர்களுக்கு அவர் பாடம் நடத்தக் கூடாது என்று பிஷப்புகள் ஆட்சேபித்தார்கள். சிலுவையில் லத்தீன் வாசகம் எதற்கு, சமஸ்கிருதம் எதில் குறைந்தது என்று அவர் கேட்டார். கிறிஸ்தவர் ஆன பின்பும் மரக்கறி உணவை விடவில்லை. புரோகிதரின் நுகத்திலிருந்து விடுபட்டது பாதிரியாரின் நுகத்தில் கழுத்தைக் கொடுக்க அல்ல என்பது அவர் கடிதங்களின் சாரம்.

விதவைகளுக்காக 1889-ல் பம்பாயில் தொடங்கிய சாரதா சதனை மறு ஆண்டு புனேக்குக் கொண்டுவந்தார். மதம் கற்பிப்பதில்லை என்று வாக்களித்திருந்தார். ஆனால் தம் அறையில் ஜெபிக்கும்போது கதவைத் திறந்தே வைத்தார். பெண்கள் சிலர் வந்து உட்கார்ந்தார்கள். திலகரின் ‘கேசரி’ கண்டித்தது. 1893-ல் ரானடேயும் பண்டார்கரும் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். பெற்றோர் பல பெண்களை அழைத்துப்போனார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. இந்து சமயத்தைப் பற்றி ரமாபாய் எழுதியவற்றில் சில எனக்கே கசக்கின்றன. ஆனால் அவர் கதவை மூடவும் இல்லை, ஊரை விட்டு ஓடவும் இல்லை. 1896-97 பஞ்சத்தில் நடுமாகாணங்களுக்குப் போய்ப் பட்டினியில் கிடந்த பெண்களைக் கூட்டிவந்தார். 1897-ல் பிளேக் நடவடிக்கைகளின்போது புனேயில் பெண்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்துப் பத்திரிகைக்கு எழுதினார். ஆட்சி செய்தவர்களும் கிறிஸ்தவர்கள்தாமே என்று தயங்கவில்லை.

சாத்தான் உண்டு என்பதை முழுமையாக நம்பியவர்தான் அவர். 1905-ல் முக்தியில் எழுந்த ஜெப எழுப்புதல் உலகப் பெந்தெகொஸ்தே வரலாற்றில் இடம்பெற்றது. ஆனால் அவருடைய போர் நடந்த இடங்கள் சமையற்கூடம், தறி, தொழுவம், அச்சுக்கூடம். எபிரேயமும் கிரேக்கமும் கற்று, வேதாகமம் முழுவதையும் எளிய மராத்தியில் பெயர்த்தார். அவ்வளவு சமஸ்கிருதம் தெரிந்தவர், அதிகம் படிக்காத பெண்ணுக்கும் விளங்க வேண்டும் என்று சமஸ்கிருதச் சொற்களைக் குறைத்தார். முக்திப் பெண்களே அதை அச்சடித்தார்கள். 1921-ல் ஒரே மகள் மனோரமா இறந்தார். அதன் பிறகும் அச்சுப்படி திருத்துவதை நிறுத்தாமல், 1922 ஏப்ரல் 5 அன்று ரமாபாய் கண் மூடினார். அசையாமல் நிற்பது என்றால் என்ன என்று எனக்கு அங்கேதான் கொஞ்சம் விளங்கியது.

அன்று மாலை சாவி வாங்கப் போனபோது மாவ்ஷி கேட்டார், “முகம் ஏன் இப்படி இருக்கு? என்ன எழுதுறே?” ஆத்துமாவில் நடக்கும் போரைப் பற்றி எங்கள் ஆள்கள் எழுதிய புத்தகம் என்று பொதுவாகச் சொன்னேன். இருபத்தோராம் பக்கத்தைச் சொல்ல வாய் வரவில்லை. “அட, அது எங்க துக்காராம் பாடினதாச்சே” என்றார் மாவ்ஷி. உள்ளும் வெளியும் ஓயாமல் நடக்கும் போரைப் பற்றித் துக்காராமின் அபங்கம் ஒன்று உண்டு. ஆஷாட ஏகாதசிக்காகத் தேஹூவிலிருந்து பாதுகைப் பல்லக்கு புனே வழியாகப் போகும்போது வாரகரிகளுக்கு வருஷம் தவறாமல் தண்ணீர் கொடுப்பவர் மாவ்ஷி. எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் நூலை அனுப்பியவருக்குப் போன் செய்தேன். அந்தப் பயிற்சியை விட்டுவிடலாமா, குறைந்தது மனிதரோடு போராட்டம் இல்லை என்ற வசனத்தை மேலே போட்டுவிடலாமா என்று கேட்டேன். “சிஸ்டர், உள்ளதை உள்ளபடி மொழிபெயர்த்தால் போதும். திருத்துவது உங்கள் ஊழியம் இல்லை” என்றார். அவர் சொன்னது என் தொழிலின் முதல் விதி. அதை நானே பல பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதனால் மூலத்தில் கை வைக்கவில்லை. முன்பணத்தையும் முடித்த இருபது பக்கத்தையும் திருப்பி அனுப்பினேன். “எதிரிக்கு இடம் கொடுத்துவிட்டீர்கள்” என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அந்த வரி பல நாள் தூங்கவிடவில்லை. விசுவாசத்தில் நின்றேனா, அக்கம்பக்கத்துக்குப் பயந்து நழுவினேனா? அம்மாவுக்குப் போன் செய்தேன். “உங்க சித்தப்பா ஞாபகம் இருக்காடீ?” என்றாள். அப்பா இறந்த கையோடு, வீட்டை எழுதிக் கேட்டுத் தினமும் வந்து உட்கார்ந்தவர் அவர். அம்மா தினமும் அவருக்குக் காப்பி கொடுத்தாள். தினமும் அவர் பேரைச் சொல்லி ஜெபித்தாள். கையெழுத்து மட்டும் போடவில்லை. இரண்டு வருஷத்தில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். அம்மா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த நூல் வேறொருவர் மொழிபெயர்ப்பில் வெளிவந்துவிட்டது. இருபத்தோராம் பக்கம் அப்படியே இருக்கிறது. தமிழும் நன்றாகவே இருக்கிறது. எங்கள் சபையில் விஷயம் பரவி, வேதபாடம் வாசிக்க என்னை இப்போது கூப்பிடுவதில்லை. நான் சபை மாறவில்லை. அதே பெஞ்சில்தான் உட்காருகிறேன். எதிர்ப்படுகிறவர்களுக்கு ஸ்தோத்திரம் சொல்கிறேன். சிலர் திருப்பிச் சொல்கிறார்கள்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அம்மாவைப் போலவே கச்சையிலிருந்து தொடங்குகிறேன். பிறகு கீழே இறங்கிச் சாவியை மாவ்ஷியிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். பூட்டுச் சாவியும் மாற்றுச் சாவியும் விட்டலன் பக்கத்தில்தான் இருக்கின்றன.