கருடனா, ஊர்ப்பருந்தா?

பெங்களூர் அல்சூர் ஏரிக்கரை. செம்மண் நிற உடலும் வெள்ளைத் தலையுமாகக் கருடன் வட்டமிட்டால் பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பின்னாலேயே பழுப்பாக ஒன்று வந்தால் கை எழாது. ஊர்ப்பருந்து என்று விட்டுவிடுவார்கள். சில சமயம் அதுவும் கருடன்தான், குஞ்சு. முதல் வருடம் உடம்பு முழுக்கப் பழுப்பு. பெற்றோரின் நிறம் முழுசாக வர மூன்றாம் வருடம் ஆகும்.

நிறத்தை விட்டு வாலைப் பார்க்க வேண்டும். பருந்தின் வால் நடுவில் பிளந்திருக்கும். இளம் கருடனுக்கு வட்டம். இதிலும் வில்லங்கம் உண்டு. பருந்து வாலை விசிறியாய் விரித்தால் பிளவு மறைந்துவிடும். ஓர இறகுகள் உதிர்ந்து முளைக்கும் மாதங்களில் கேட்கவே வேண்டாம். அப்போது இறக்கைதான் சாட்சி: கருடக் குஞ்சுக்கு அது குட்டை, அகலம்; அடியில் வெளிர் திட்டும் பெரிது.

ஊர்ப்பருந்துக்குக் கோழிக்கடைக் கழிவு போதும். கருடன் பெரிதும் நீர்நிலையை நம்பிய பறவை. இதே ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. பறவை எண்ணுகிறவர் பழுப்பையெல்லாம் பருந்துக் கணக்கில் எழுதிவிட்டால், இந்த ஏரிக்கரையில் கருடன் குஞ்சு பொரித்ததா என்பதே தெரியாமல் போகும்.