கட்டடம், கூடாரம், கலம்

வண்டியிலேயே குடியிருப்பவர் தற்காப்புக்கு எந்தத் துப்பாக்கியை வைத்துக்கொள்வது என்பது அமெரிக்காவில் சாதாரணமாகக் கேட்கப்படும் கேள்வி. சுழல்துப்பாக்கியா, ரவைத் துப்பாக்கியா, எந்த மாநில எல்லையில் எதைப் பெட்டியில் போட்டுப் பூட்ட வேண்டும் என்று அங்கே மணிக்கணக்கில் வாதிடுவார்கள். அதே கேள்வியை மட்டாஞ்சேரியில் நிறுத்திய ஒரு வண்டிக்குள் இருந்து கேட்டால், அது துப்பாக்கியைப் பற்றிய கேள்வியாக நீடிப்பதில்லை.

அப்படிக் கேட்டவர் கோவைப் பெண் ஒருவர், வயது நாற்பத்திரண்டு. துறைமுக நகரங்களின் பழைய பண்டகசாலைகளை அளந்து, வரைந்து, படமெடுத்து வைப்பது அவர் தொழில். மணவிலக்குக்குப் பின் மூன்று ஊர்களில் வாடகைக்கு வீடு தேடினார். தனியாக இருக்கப்போகிறவர் என்று தெரிந்ததும் வீட்டுக்காரர்கள் அன்பாகவே பேசி, அடுத்த வாரம் சொல்கிறோம் என்றார்கள். பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் அடுப்பும் புத்தக அடுக்கும் பொருத்திக்கொண்டார். அதைச் சுதந்திர வாழ்வு என்று நண்பர்கள் கொண்டாடியபோது அவர் மறுக்கவில்லை. ஆனால் வீடு கிடைத்திருந்தால் வண்டி வாங்கியிருக்க மாட்டார்.

மட்டாஞ்சேரியில் பஜார் சாலையை ஒட்டி, மிளகும் சுக்கும் அடைந்த கிடங்குகளின் பின்புறம் வண்டியை நிறுத்தியிருந்தார். பகலில் சுமைதூக்குவோரின் குரலும் லாரி ஒலியும் ஓயாத இடம். இரவு பத்து மணிக்கு மேல் அங்கே ஆளரவம் இருக்காது. பதினோராம் நாள் இரவு இரண்டரை மணிக்கு யாரோ கதவின் கைப்பிடியை இழுத்தார்கள். சற்றுப் பொறுத்து மறுபடி இழுத்தார்கள். பிறகு சிரிப்பொலி, வண்டியின் தகட்டில் நான்கைந்து உள்ளங்கைகள் தாளம் தட்டின. உள்ளே இருப்பது பெண் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதை அவர்கள் சொன்ன சொற்கள் காட்டின. பத்து நிமிடத்தில் போய்விட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லையே என்றுதான் மறுநாள் கேட்டவர்கள் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அந்தப் பத்து நிமிடமும் அவர் ஓட்டுநர் இருக்கைக்குப் போகவில்லை, போகவும் முடியாது. புத்தக அடுக்கு வழியை மறித்திருந்தது.

பொள்ளாச்சியில் இருக்கும் தாய்மாமன் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்றவர்; தோப்புக் காவலுக்கென உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருப்பவர். செய்தி கேட்டு அலைபேசியில் அழைத்தார்.

“கண்ணு, கலெக்டராபீசுல ஒரு துப்பாக்கிக்கு எழுதிப் போடு.”

“சுடறதுக்கெல்லாம் எனக்குத் தைரியம் வருமாங்க மாமா?”

“சுடவே வேண்டாஞ் சாமி. கையில இருக்குதுன்னு தெரிஞ்சாப் போதும், ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்.”

மாமா சொன்னதை எளிதில் தள்ளிவிட முடியாது. தனியாக இருக்கும் பெண் தன் உயிருக்குத் தானே பொறுப்பேற்க நினைப்பதில் தவறென்ன? காவல்துறை வந்துசேர ஆகும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதும் உண்மையே. எனவே அவர் சட்டத்தைப் படிக்கத் தொடங்கினார். ஆய்வுப் பழக்கம் உள்ளவர், அரைகுறையாகப் படிக்கவில்லை.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். உரிமம் கேட்பவரைப் பற்றி அருகிலுள்ள காவல் நிலையத்தின் அறிக்கையைப் பெற வேண்டும் என்கிறது பதின்மூன்றாம் பிரிவு. அவருடைய வண்டிக்கு அருகிலுள்ள காவல் நிலையம் எது? இந்த வாரம் மட்டாஞ்சேரி, போன மாதம் கோழிக்கோடு. ஆதாரில் இருப்பதோ கோவையில் அண்ணன் வீட்டு முகவரி. அங்கே அவர் வசித்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் ஆயுதத்தைப் பத்திரமாகப் பூட்டிவைக்க ஏற்பாடு உண்டென்று எழுதித் தரச் சொல்கின்றன. உரிமம் எந்த எல்லைக்குள் செல்லும் என்பதும் உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் உரிமத்தோடு வாளையாறு சோதனைச் சாவடியைத் தாண்டினால், தற்காப்புக்கு வாங்கிய துப்பாக்கியே அவரைக் குற்றவாளியாக்கும். தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதும் உண்டு. ஓரிடத்தில் இருப்பவர்களுக்கே அது அலைச்சல்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. வண்டியில் குடியிருக்கிறேன் என்று விண்ணப்பத்தில் எழுதினால், அந்த வண்டியின் உள்ளமைப்பை மாற்ற யார் அனுமதி கொடுத்தது என்ற கேள்வி எழும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பதிவுக்குப் பிந்தைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. கேரளத்துப் போக்குவரத்துத் துறை அதில் கண்டிப்பானது என்பது அங்கே வண்டி வைத்திருப்போர் அனைவரும் அறிந்தது. 2021இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கையே அறிவித்தது. அது விடுமுறைக்கு வந்து இரண்டு இரவு தங்கிப் போகிறவர்களுக்கானது. வேறு வழியின்றி வண்டியில் குடியிருப்பவர் அதன் கணக்கில் வரமாட்டார்.

இவை அத்தனையும் தீர்ந்து உரிமம் கிடைப்பதாகவே வைத்துக்கொள்வோம். எந்தத் துப்பாக்கி? பாதுகாப்புக்கென்று கேட்பவருக்குச் சட்டம் முதலில் நீட்டுவது, குழல் இருபது அங்குலத்துக்குக் குறையாத, உட்புறம் வழவழப்பான ரவைத் துப்பாக்கியை. அதாவது மாமாவிடம் இருக்கும் வகை. பிற துப்பாக்கிகளுக்குத் தக்க காரணம் காட்டி அதிகாரியை நம்பவைக்க வேண்டும். அடிக்கட்டையோடு சேர்த்தால் அந்தத் துப்பாக்கி ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் வரும். தோப்பில் நின்று குறிபார்க்க உகந்தது. கட்டிலுக்கும் அடுப்புக்கும் இடையே ஓராள் திரும்புவதே கடினமான வண்டிக்குள் அதைத் தோளில் ஏற்றவே முடியாது. ஏற்றும் முன்பே கதவருகில் நிற்பவன் குழலைப் பிடித்துவிடுவான். வண்டியின் தகடு மெல்லியது. தவறிய ரவையை அது நிறுத்தாது. மட்டாஞ்சேரியின் சந்துகளில் தகட்டுக்கு அப்பால் பத்தடியில் யாரோ ஒருவருடைய படுக்கையறை இருக்கும். துப்பாக்கி வெடிக்கும் ஓசை 140 டெசிபலைத் தாண்டக்கூடியது. மூடிய தகரப் பெட்டிக்குள் அது சுட்டவரின் செவியைத்தான் முதலில் சேதப்படுத்தும்.

சுழல்துப்பாக்கி இடத்துக்குப் பொருந்தும். 9 மில்லிமீட்டர், .38 போன்றவை தடைசெய்யப்பட்ட வகைக்குள் வருவதால் பொதுமக்களுக்கு எஞ்சுவது பெரும்பாலும் .32. கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014இல் ‘நிர்பீக்’ என்ற பெயரில் பெண்களுக்கென்றே ஒரு .32 சுழல்துப்பாக்கியை வெளியிட்டது. 2012 டிசம்பரில் தில்லிப் பேருந்தில் நடந்த கொடுமைக்குப் பின் அந்தப் பெண்ணுக்கு நாடு சூட்டிய பெயரின் எதிரொலி அது. எடை அரைக் கிலோ அளவு. விலை அப்போதே ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். நகைப்பெட்டி போன்றதொரு உறையில் வைத்துக் கொடுத்தார்கள். அந்த நகைப்பெட்டி யோசனை யாருக்கு உதித்ததோ! ஓடும் பேருந்தில் சிக்கிய மாணவிக்கு அவ்வளவு பணமும் உரிமமும் எங்கிருந்து வந்திருக்கும் என்பதை மட்டும் எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. வண்டிப் பெண்ணின் வங்கிக் கணக்கில் அப்போது இருந்தது அதில் பாதி.

அவரை உண்மையில் நிறுத்திவைத்தது விலையன்று. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. உயிருக்கோ உடலுக்கோ பெரும் தீங்கு நேரும், வன்புணர்வு நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் எதிராளியைக் கொல்லும் அளவுக்கும் அந்த உரிமை நீளும். அதற்கு வீடு, தெரு என்ற வேறுபாடில்லை. காவலரை நாட நேரமிருந்தால் உரிமை இல்லை. தேவைக்கு மிஞ்சிய தீங்கும் கூடாது. இதுவரை தெளிவு. அந்த இரவில் கதவு திறக்கப்படவில்லை. வெளியே தகட்டைத் தட்டிய கைகளை நோக்கிச் சுட்டிருந்தால், அச்சம் நியாயமானதுதானா என்பதை அவர் பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியிருந்திருக்கும்.

வீட்டுக்குள் இருப்பவருக்கு இங்கே இன்னொரு காப்பு உண்டு. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீடு உடைத்துப் புகுவோரை எதிர்ப்பதற்குச் சட்டம் தனியே இடம் கொடுத்திருக்கிறது. வீடு என்பது எது? மனிதர் குடியிருக்கும் ‘கட்டடம், கூடாரம் அல்லது கலம்’ என்கிறது அத்துமீறல் பிரிவு. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திலிருந்து மாறாமல் வந்த சொற்கள் இவை. கலம் என்றால் நீரில் செல்வது. கொச்சிக் காயலில் படகில் உறங்குகிறவருக்கு வீடுண்டு. கூடாரம் அடித்தவருக்கும் உண்டு. கரையில் சக்கரத்தின்மேல் உறங்குகிறவருக்கு அந்தச் சொற்களில் இடமில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் திருட்டைப் பற்றிய பிரிவில் வண்டிகளைச் சேர்த்துக்கொண்டது; குடியிருப்பைச் சொல்லும் பிரிவில் சேர்க்கவில்லை. அமெரிக்காவிலும் 1985இல் கார்னி வழக்கில் உச்ச நீதிமன்றம், வாகன நிறுத்தத்தில் நின்ற வீட்டு வண்டியைச் சோதனைச் சட்டத்தின் நோக்கில் வாகனமாகவே கொண்டது. அங்கேயும் வண்டியை வீடென்று ஒப்புக்கொள்ளத் தயக்கம்தான். துப்பாக்கி மட்டும் எளிதில் கிடைத்துவிடுகிறது.

இந்திய ஆயுத உரிமத்தின் வேர் 1857க்குப் பிந்தைய அச்சத்தில் இருக்கிறது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஆயுதம் தாங்கத் தக்கவர் யாரென்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அரசின் கையில் வைத்தது. அதற்கான விலக்குகளில் ஒன்று இன்றும் கேரள எல்லையை ஒட்டிய குடகில் இருக்கிறது. கொடவர்களும் ஜம்மா நிலம் உடையோரும் உரிமமின்றித் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம்; 2029 வரை அந்த விலக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கொடவருக்கு அது பிறப்பால் வருவது, மற்றவருக்கு நிலத்தால். மாமாவின் துப்பாக்கிக்கும் தோப்புதான் ஆதாரம். நிலமும் வாசற்கதவும் ஊரில் பெயரும் இருப்பவரிடம் துப்பாக்கி போய்ச் சேர்கிறது. கதவே இல்லாதவர்தான் அதிகம் அஞ்சுகிறார். அவர் விண்ணப்பத்தில் முகவரிக் கட்டத்திலேயே நின்றுவிடுகிறார்.

மட்டாஞ்சேரியின் நினைவிலும் துப்பாக்கிக்கு ஓரிடம் உண்டு. துறைமுகத் தொழிலாளருக்கு வேலை வேண்டுமானால், மேஸ்திரி கூட்டத்தின் மேல் வீசியெறியும் உலோக வில்லையை முண்டியடித்துப் பிடிக்க வேண்டும். ‘சாப்பா’ என்று அதற்குப் பெயர். அந்த முறையை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டது. அப்போராட்டத்தில் மூவர் உயிரிழந்தனர். ராஜீவ் ரவியின் ‘துறமுகம்’ திரைப்படம் அந்த வரலாற்றைத்தான் எடுத்துக்கொண்டது. கிடங்கின் வயதான காவல்காரரிடம் வண்டிப் பெண் துப்பாக்கி யோசனையைச் சொன்னபோது அவர் கேலி செய்யவில்லை. இந்தத் தெருவில் சுட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு, வண்டியை இங்கே நிறுத்தாதே, வெளிக்குப் போ என்றார்.

வெளி என்பது ஃபோர்ட் கொச்சியில் ஒரு பகுதி, நடந்தே போய்விடலாம். டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் சீருடைகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார்களின் வழியினர் அங்கே இன்றும் சலவைத்துறை நடத்துகிறார்கள். அதன் அருகில் ஒரு வீட்டின் சுற்றுச்சுவரை ஒட்டி வண்டியை நிறுத்திக்கொள்ளலாமா என்று அவர் கேட்டார். “நிறுத்திக்க மோளே. விடிகாலை நாலு மணிக்கே இங்க ஆளு எந்திரிச்சிரும்,” என்றார் அந்த வீட்டு அம்மா. வாடகை பேசவில்லை. கணவர் எங்கே என்று மட்டும் இருமுறை கேட்டார்.

இது நிரந்தரத் தீர்வன்று. மூன்று வாரம் கழித்து வண்டி வேறு ஊருக்குப் போயாக வேண்டும். அங்கே இப்படி ஓர் அம்மா இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. நல்ல மனிதர்களை நம்பித்தான் ஒரு பெண் உறங்க வேண்டும் என்பது ஏற்கத்தக்க ஏற்பாடும் அன்று. மாமா அதையே சொல்லி இன்னும் கோபித்துக்கொள்கிறார். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

துப்பாக்கிக்கு என்று ஒதுக்கிய பணத்தில் அவர் செய்தவை சில. புத்தக அடுக்கைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டிலிலிருந்து ஓட்டுநர் இருக்கைக்கு வழி திறந்தார். வண்டியை எப்போதும் முகப்பு சாலையைப் பார்க்க நிறுத்துகிறார்; சாவி இரவில் அதன் துளையிலேயே இருக்கும். கதவுகளுக்கு உட்புறத் தாழ்ப்பாள் போட்டார். கட்டிலில் படுத்தபடியே ஹாரனை அழுத்த ஒரு பொத்தானும், வெளியே நாற்புறமும் எரியும் விளக்குக்கு இன்னொன்றும் வைத்தார். பெண்களுக்கான பிங்க் போலீஸ் எண் 1515, அவசர எண் 112 இரண்டும் அலைபேசியின் முதல் வரிசையில் இருக்கின்றன. உரிமம் தேவைப்படாத மிளகுத் தெளிப்பான் ஒன்று தலையணைக்குப் பக்கத்தில். மூடிய வண்டிக்குள் அடித்தால் அது தன் கண்ணையும் எரிக்கும் என்பதால், ஜன்னல் இடுக்கு வழியாக வெளியே அடித்துப் பார்த்துப் பழகிக்கொண்டார். அதன் அடியில் காலாவதித் தேதி இருக்கிறது; நாள்காட்டியில் அதைக் குறித்துவைத்திருக்கிறார்.