நீலமா, சந்தனமா?

எங்க வீட்டுல பெயின்ட் அடிக்கிறதுன்னா பட்ஜெட் கூட்டத்தொடர் மாதிரி. இந்தத் தடவை தகராறு ஒரே ஒரு ரூமுக்கு. திண்டிவனம் வீட்டுல நானும் ஆயாவும் படுக்கிற பத்துக்குப் பத்து ரூம். எனக்கு அடர்நீலம் வேணும், அம்மாவுக்குச் சந்தனக் கலர்.

காலேஜ் விட்டு வரும்போது விழுப்புரத்துல ஷேடு கார்டு வாங்கிட்டு வந்தேன். தீப்பெட்டி சைஸ் கட்டத்தை வச்சு முழுச் சுவரை முடிவு பண்றது, பாஸ்போர்ட் போட்டோ பார்த்துப் பொண்ணு பேசி முடிக்கிற மாதிரி. அதனால ரெண்டு கலர்லயும் சின்ன டப்பா வாங்கி, சுவத்துல ரெண்டடிக்கு ரெண்டடி பூசிப் பார்த்தோம். பகல்ல நீலம் சூப்பர். ராத்திரி டியூப் லைட்ல அந்தப் பக்கமே இருட்டிப் போச்சு. அடர்நிறம் வெளிச்சத்தை முழுங்கிடும்; எங்களுக்கு இருக்கிறதோ ஒரே ஜன்னல். (இதை அம்மாகிட்ட நான் ஒத்துக்கலை!)

ஆயா வந்து பார்த்துட்டு, "எதுக்குடா சுவத்துல கரி பூசி வச்சிருக்க?"ன்னுச்சு.

கிண்டல்னு நெனச்சுச் சிரிச்சேன். அப்புறம் சந்தேகம் வந்து பீரோவுலேர்ந்து ஒரு நீலப் புடவையை எடுத்துக் காட்டினேன். "கறுப்பு. யாருதுடா இது?" அது ஆயாவோட புடவைதான்.

கண்ணுல புரை இருக்கிறது ரெண்டு வருஷமா தெரியும். "இருக்கிற பார்வை போதும்"னு ஆபரேஷனுக்கு வர மாட்டேன்னுச்சு. நாங்களும் விட்டுட்டோம். நிலையில இடிச்சுக்கிட்டப்போ "பார்த்து நடக்கக் கூடாதா"ன்னு திட்டினது நான்தான்.

அன்னிக்கு ராத்திரி நெட்ல தேடினேன். புரை முத்த முத்த கண் லென்ஸ் மஞ்சளாகி, பழுப்பாகிடும். அது முக்கியமா வடிகட்டுறது நீல ஒளியைத்தான். பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கும் இதே கதை. 1912-ல புரைன்னு சொன்னாங்க, 1923-ல வலது கண்ணுல ஆபரேஷன். அதுக்கப்புறம் எல்லாமே நீலமா தெரியுதுன்னு மனுஷன் புலம்பினாராம்!

சண்டை அதோட முடிஞ்சுது. சுவர் சந்தனம். கதவும் நிலையும் அடர்நீலம், சுவிட்ச் போர்டைச் சுத்தியும் ஒரு நீலப் பட்டை. ஆயாவுக்கு அது கறுப்பாவே தெரிஞ்சாலும் பரவால்ல, வெளிர் சுவத்துல வாசல் எங்கன்னு பளிச்சுனு தெரியும். "என்னா தம்பி டிசைன் இது"ன்னு பெயின்டர் அண்ணன் தலையில அடிச்சுக்கிட்டாரு :-)

அந்தப் புடவையைக் காட்டித்தான் அப்பா ஆயாவைச் சம்மதிக்க வச்சாரு. புதுச்சேரி தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையில, இப்போதைக்கு ஒரு கண்ணுக்கு ஆபரேஷன். செயற்கை லென்ஸ் வச்சு, கறுப்புக் கண்ணாடியோட வந்து எறங்குச்சு.

இப்ப ஆயாவுக்குப் பொழுதுபோக்கே அந்தக் கதவுதான். கட்டில்ல உக்காந்து ஒரு கண்ணைக் கையால மறைக்குது, "கறுப்பு". மாத்தி மறைக்குது, "நீலம்". வீட்டுக்கு வர்றவங்களையும் மறைச்சுப் பார்க்கச் சொல்லுது.